நூலகர்களுக்கு மின்னூலகப் பயிற்சி: எதைக் கற்பிப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

ஒரு மாவட்டத்தின் பொது நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் பணியாற்றும் 20 பேருக்கு, மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி நடத்துவதற்கான பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஸ்கேனர் வாங்கியாகிவிட்டது, மின் தொகுப்புகளைச் சேமித்து இணையத்தில் தேடத் தரும் டிஸ்பேஸ் மென்பொருளை நிறுவித் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது, ஐந்து நாள் பயிலரங்கில் எதையெல்லாம் கற்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வரப்போகிறவர்கள் அனைவரும் நூலக அறிவியல் பட்டம் பெற்றவர்கள் என்றும், கணினிப் பழக்கம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்கு அரை நாள் போதும். ஸ்கேனருக்கு ஒரு நாள் போதும். நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் பதிப்புரிமை பார்ப்பதற்கும் அரை நாள், கோப்புகளைப் பாதுகாப்பதற்கு அரை நாள் என்று வைத்துக்கொண்டு, மீதமுள்ள இரண்டரை நாளையும் நூல் விவரங்களைப் பதிவு செய்யும் பயிற்சிக்கே கொடுங்கள். ஐந்து நாளையும் தொடர்ச்சியாக நடத்தாமல் முதலில் மூன்று நாள், இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு இரண்டு நாள் என்று பிரித்துவிடுங்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொருவரும் தம் நூலகத்தின் 25 நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து, விவரம் பதிந்து, ஸ்கேன் செய்து, சரிபார்த்து முடிக்க வேண்டும். அவற்றோடுதான் இரண்டாம் அமர்வுக்கு வர வேண்டும்.

விவரப் பதிவுக்கு இவ்வளவு நேரமா என்று உங்கள் மேலதிகாரிகள் கேட்பார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னனுபவம் இருக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் ரெட்டியின் முயற்சியில் பிறந்த பத்து இலட்சம் நூல் திட்டத்தின் இந்தியப் பகுதியாக, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’வை அறிந்திருப்பீர்கள். பல மையங்களில் ஸ்கேனர்கள் இயங்கின. பல இலட்சம் நூல்கள் படமாயின. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இன்று நம் கைக்கு எட்டாமலே போயிருக்கக்கூடிய தமிழ் நூல்கள் ஏராளம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அங்கே தமிழ் நூலின் தலைப்பு ஆங்கில எழுத்தில், பதிந்தவரின் காதுக்குப் பட்டபடி எழுதப்பட்டது. ஒரே நூல் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் கிடந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம் இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. நடுவில் பக்கம் விடுபட்டதைக் கவனிக்க ஆள் இல்லை. பின்னாளில் அந்தத் தளம் முடங்கியபோது, இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றப்பட்ட படிகள்தாம் வாசகருக்கு மிஞ்சின. அந்தப் படிகளோடு பழைய பிழைகளும் அப்படியே போய்ச் சேர்ந்தன. நூல் இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை என்ற இந்த நிலை நூலகம் என்ற அமைப்பின் நோக்கத்தையே தோற்கடிக்கிறது. அங்கே குறைவாக இருந்தது விவரப் பதிவில் தேர்ந்த நூலகர்களின் உழைப்பு என்பதே என் கருத்து.

விவரப் பதிவு என்று நான் சொல்வது என்ன என்பதற்கு ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். ஆறுமுக நாவலர் பதிப்பித்த திருக்குறள் மூலமும் பரிமேலழகர் உரையும் உங்கள் பயிற்சியாளர் ஒருவரின் மேசைக்கு வருகிறது. நூலாசிரியர் திருவள்ளுவர், உரையாசிரியர் பரிமேலழகர், பதிப்பாசிரியர் நாவலர். பழம்பதிப்புகளின் முகப்பில் இவர்களோடு அச்சகத்தார் பெயர் இருக்கும். பொருளுதவி செய்தவர் பெயர் இருக்கும். உள்ளே சிறப்புப்பாயிரம் பாடியவர்கள் இருப்பார்கள். டப்ளின் கோர் என்ற விவரத் தரம், 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த கூட்டத்திலிருந்து உருவானது. அதன் அடிப்படைக் கூறுகள் 15. ஆக்கியவர் என்று ஒரு கூறும் பங்களித்தவர் என்று ஒரு கூறும் அதில் உண்டு. உரையாசிரியரை எதில் இடுவது, பதிப்பாசிரியரை எதில் இடுவது, அவர்களைப் பிரித்துக்காட்ட என்ன துணைக்குறிப்புச் சேர்ப்பது என்பதை அந்தத் தரம் நமக்காக முடிவு செய்து தராது. உங்கள் 20 பேரும் சேர்ந்து முடிவு செய்து, எழுதி வைத்து, எல்லா நூலகங்களிலும் அதையே பின்பற்ற வேண்டும். பரிமேலழகரை ஒருவர் ஆக்கியவர் என்றும் மற்றொருவர் பங்களித்தவர் என்றும் பதிந்தால், நாளை எல்லா நூலகங்களின் பதிவுகளையும் ஒன்றாகத் திரட்டும்போது அவர் உரை எழுதிய நூல்களின் பட்டியல் இரண்டாக உடையும்.

ஆண்டு அடுத்த சிக்கல். முகப்பில் ‘பிரமாதி வருடம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரமாதி 13-ஆவது. ஆகவே அது 1819-ஆகவோ 1879-ஆகவோ 1939-ஆகவோ இருக்கலாம். தாள், எழுத்து வடிவம், அச்சகத்தின் காலம், முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று தீர்மானிப்பதும், அது நம் முடிவே என்பதைக் காட்டும் வகையில் ஆண்டைப் பகர அடைப்புக்குள் இடுவதும், முகப்பில் உள்ள சொற்களை அப்படியே குறிப்புப் பகுதியில் பெயர்த்தெழுதுவதும் பட்டியலாக்கத்தில் நெடுங்காலமாக உள்ள மரபு. வேறு சில முகப்புகளில் ௲௮௱௭௰௯ என்று தமிழ் எண்ணில் இருக்கும். 1879 என்று அதைப் படிக்கத் தெரியாத இளைய நூலகர்கள் இன்று பலர். இதைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும், ஆனால் எந்த மென்பொருள் கையேட்டிலும் இது கிடைக்காது.

பெயர்களைப் பற்றியும் இதே அளவு கவலைப்பட வேண்டும். உ. வே. சாமிநாதையர் என்றும், சாமிநாத ஐயர் என்றும், சுவாமிநாதையர் என்றும், உ.வே.சா. என்றும் ஒருவரே பதிவாகிறார். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதில் ஏற்படும் வேறுபாடுகூடக் கணினிக்கு வேறொரு மனிதராகத் தோன்றும். கல்கி என்று ஓரிடத்திலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று வேறோரிடத்திலும் பதிந்தால் வாசகர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதாகிவிடும். ஒவ்வொருவருக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு வடிவம், அதற்கு வழிகாட்டும் மாற்றுப் பெயர்கள் என்று மாவட்டம் முழுவதற்கும் பொதுவான பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பயிற்சியின் முதல் அமர்விலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு விரிதாளில் தொடங்கினால் போதும்.

இனி தமிழுக்கே உரிய எழுத்துச் சிக்கல்கள். ஔவையார் என்ற பெயரை ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தால் தொடங்குவது முறை. பலர் ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். திரையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களைக் கணினி ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தாலும் இவை ஒன்றாகா. ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் அந்த இயல்பாக்கம் சரிசெய்துவிடும். எதைக் கருவி திருத்தும், எதை மனிதர் திருத்த வேண்டும் என்ற வேறுபாட்டை நூலகர் அறிந்திருக்க வேண்டும். இதனோடு, பல நூலகங்களில் முன்பு பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் உள்ளன. எழுத்துருவை நீக்கியவுடன் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிவிடும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபார்க்கும் பழக்கத்தைத்தான் ஏற்படுத்த வேண்டியிருக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரிகள் இன்றைய தமிழ் அச்சை நன்றாகவே படிக்கின்றன. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, ணை, னை ஆகியவையும் ணா, றா, னா ஆகியவையும் பழைய வடிவில் இருப்பதால் அங்கே பிழை கூடுகிறது. இன்னும் பழைய நூல்களில் சொற்களுக்கிடையே இடைவெளியே இல்லாமல் செய்யுள் அச்சாகியிருக்கும். எழுத்துணரி தந்த பாடத்தைத் திருத்தாமல் வெளியிடலாமா என்று கேட்பார்கள். தேடலுக்கு மட்டும் பின்னணியில் வைத்துக்கொள்ளலாம். வாசிப்பதற்கான பாடமாக முன்வைக்கக் கூடாது.

இவ்வளவையும் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்து முடித்துவிட முடியாது என்பதால்தான் இரண்டு மாத இடைவெளியை வற்புறுத்துகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு, அதே ஆண்டில் பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே வகுப்புகளோடு நிற்காமல் குரோய்டன் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரின் கீழ் வேலை செய்தே தொழிலின் நுட்பங்களைப் பிடித்துக்கொண்டார். சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் 1929-ல் நூலகர்களுக்கான பயிற்சியைச் சென்னையில் தொடங்கியவரும் அவரே. வேலை செய்தே கற்கும் அந்த முறைதான் மின்னூலகத்துக்கும் பொருந்தும். ஒவ்வொருவரும் கொண்டுவரும் 25 பதிவுகளை இரண்டாம் அமர்வின் முதல் நாளில் இன்னொருவர் கையில் கொடுத்து, மூல நூலின் முகப்புப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளில் கற்பது, எந்த விரிவுரையிலும் கற்பதைவிட அதிகமாக இருக்கும்.

எந்த நூலை எடுப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேறெங்கும் ஏற்கெனவே மின்னுருவில் நல்ல நிலையில் கிடைக்கும் நூலை விட்டுவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளூர்ச் சிற்றிதழ்கள், கோயில் தலபுராணங்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், நூற்றாண்டு விழா மலர்கள், மாவட்டத்தில் மட்டும் அச்சாகி மறைந்த துண்டு வெளியீடுகள் ஆகியவைதாம் உங்கள் நூலகங்களின் தனிச்செல்வம்.

பதிப்புரிமையில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கிறது. 1964-ல் மறைந்தவரின் நூல்கள் 2025 சனவரி 1 முதல் பொதுவுடைமை. பெயரில்லாமலோ புனைபெயரிலோ வெளியாகி, எழுதியவர் யாரென்று வெளிப்படாத நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. தமிழ்நாட்டில் அரசு உரிமைத்தொகை வழங்கி நாட்டுடைமையாக்கிய நூல்கள் தனி வகை. அந்த ஆசிரியர்கள் அண்மையில் மறைந்தவர்களாக இருந்தாலும் அவற்றை வெளியிடலாம். அதே வேளையில், மூலம் சங்க இலக்கியமாக இருந்தாலும் அதன் உரையும் முன்னுரையும் ஓவியமும் தனித்தனியே உரிமைக்கு உட்பட்டவை என்பதை நூலகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 52(1)(என்) பிரிவு, இலாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க இடமளிக்கிறது. சேமித்து வைப்பதற்குக் கிடைத்த இந்த இடத்தை, ஊருக்கெல்லாம் திறந்துவிடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமை தெளிவாகாத நூலை ஸ்கேன் செய்து வைக்கலாம், விவரத்தை வெளியிடலாம், பக்கங்களைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஸ்கேன் செய்யும் பயிற்சியில் வலியுறுத்த வேண்டியவை சிலவே. பழைய நூலைத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் விடக் கூடாது. கட்டைப் பிரிக்கக் கூடாது. சாய்வுத் தாங்கியில் வைத்து மேலிருந்து எடுக்க வேண்டும். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு) குறையாமல், வண்ணத்தில், டிஃப் என்னும் படக் கோப்பாக ஒரு மூலப்படியும், வாசகருக்குப் பிடிஎஃப் கோப்பாக ஒரு பயன்பாட்டுப் படியும் தேவை. கோப்புக்கு நூலின் தலைப்பைப் பெயராக வைக்காமல், நூலகச் சேர்க்கை எண்ணையும் பக்க வரிசையையும் எண்ணால் வையுங்கள்: 04127-0001 என்று தொடங்கினால் எந்தக் கணினியிலும் குழப்பம் வராது. படமெடுத்தவரைத் தவிர வேறொருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகே நூலை அலமாரிக்குத் திருப்ப வேண்டும்.

இந்த இடத்தில் சேமிப்புக் கணக்கையும் ஒவ்வொருவரையும் தம் கையால் போடச் செய்யுங்கள். ஏ4 அளவுள்ள ஒரு பக்கம் 300 டிபிஐயில் வண்ணத்தில், சுருக்கப்படாத நிலையில் சுமார் 26 எம்பி. 200 பக்க நூல் சுமார் 5.2 ஜிபி. 500 நூல்கள் 2.6 டிபி. மூன்று படிகள் வைத்தால் 8 டிபியை நெருங்கும். ஸ்கேனர் வாங்க நிதி ஒதுக்கும் இடங்களில் இந்தச் சேமிப்புக்கு நிதி ஒதுக்கப்படாமல் போவதையும், மூலப்படிகள் ஒரே ஒரு வெளிவட்டில் கிடப்பதையும் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மூன்று படிகளில் ஒன்று வேறு கட்டடத்திலும், ஒன்று இணையத்தோடு தொடர்பில்லாமலும் இருக்க வேண்டும். கோப்பின் செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பதிந்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட்டால் கோப்புச் சிதைவது தெரிந்துவிடும். இதற்கு இலவசக் கருவிகள் உண்டு, நூலகர் தாமே செய்யலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பைப் பணயத்தொகை கேட்கும் தீநிரல் முடக்கியது. அந்நூலகமே பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, மின் தொகுப்புகளின் படிகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்குவதற்குத் தகுந்த கட்டமைப்புக் கையில் இல்லாததால் சேவைகள் மாதக்கணக்கில் நின்றன. எனவே படி எடுக்கக் கற்பிப்பதோடு, அந்தப் படியிலிருந்து ஒரு தொகுப்பை வெறுங்கணினியில் மீட்டெடுத்துக் காட்டும் ஒத்திகையையும் இரண்டாம் அமர்வில் சேர்த்துவிடுங்கள்.

மென்பொருளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்பேஸ், எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட நல்ல மென்பொருள். நம் நாட்டு ஆய்வேடுகளைத் தாங்கும் சோத்கங்கா அதில்தான் இயங்குகிறது. ஆனால் அதை நிறுவுவதும் பதிப்பு மாற்றுவதும் சர்வர் நிர்வாகம் அறிந்தவரின் வேலை. 20 நூலகரும் ஆளுக்கொரு டிஸ்பேஸ் நிறுவக் கற்பது வீண். மாவட்டத்துக்கு ஒரே ஒரு நிறுவல் போதும். நூலகர்கள் விரிதாளில் ஒழுங்காகப் பதிந்திருந்தால் அந்த விவரங்களை மொத்தமாக உள்ளேற்ற முடியும். வருங்காலத்தில் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அவை வீணாகா. நூல் வழங்கலையும் பட்டியலையும் கவனிக்கும் கோஹாவை மின்னூலக மென்பொருள் என்று சிலர் எண்ணிக்கொண்டு வருவார்கள். அதன் பணி வேறு என்று தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ தளம், விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமான மீடியாவிக்கி மென்பொருளைக் கொண்டே வளர்ந்தது. தன்னார்வலர்கள் இதழ் இதழாகப் பதிந்துவைத்த விவரங்கள்தாம் அதை ஆய்வாளர்கள் நம்பும் இடமாக்கின.

பயிற்சிக்கு ஒரு நூலகத்திலிருந்து ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். 20 இடங்கள்தாம் உண்டு என்றால் 10 நூலகங்களிலிருந்து இருவர் இருவராக வரட்டும். பணியிட மாற்றத்திலும் ஓய்விலும் ஒருவர் போய்விட்டால் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடுகிற நிலை நம் ஊர்களில் மிகச் சாதாரணம். இரண்டாம் அமர்வின் கடைசி நாளில் ஒவ்வொரு நூலகமும் தன் நடைமுறையை இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டும்: கோப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படிப் பெயரிடப்படுகின்றன, பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது, கணக்கின் உரிமை யார் பெயரில் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் எந்தத் தலைப்பில் எந்த மாதம் செலுத்தப்பட வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அந்தத் தாளை வேறொரு நூலகத்தைச் சேர்ந்தவரிடம் கொடுத்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு புதிய நூலை அந்தத் தொகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்திய பிறகு சான்றிதழைக் கொடுங்கள்.